ராடை விடத் தெரியாதவன்

சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோள் போன மூன்றாம் நாள் காலையில், பனியன் முகத்தை மூடிக்கொள்ள, ஒரு கை உள்ளே ஒரு கை வெளியே என்று சுவரோரம் முழித்துக்கொண்டு நின்றபோது தானாகத் தெரிந்துகொண்டேன். மனைவி வந்து உருவிவிட்டாள். "தொண்ணூறு கிலோ தூக்கறவருக்கு ஒரு பனியனைத் தூக்க முடியலயா?" என்றாள். சிரித்தேன். சிரிப்புகூட அந்தத் தோளில்தான் போய் வலித்தது.

அவள் கணக்கு கொஞ்சம் தப்பு. தொண்ணூற்றிரண்டு. அந்த இரண்டு கிலோவில்தான் எல்லாம் போனது.

நான் பெயர் சொல்லும் வீரன் இல்லை. வேலூர்க்காரன், அவ்வளவுதான். எங்கள் பக்கம், அதிலும் சத்துவாச்சாரியைச் சுற்றி, பளுதூக்குதல் என்பது டி.வி.யில் வரும் விளையாட்டு அல்ல; பக்கத்துத் தெரு அண்ணன் செய்வது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் இரண்டு விதத் தூக்கையும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியதும் இங்கிருந்து போய்த்தான். அதற்கு முன்பிருந்தே இந்தப் பக்கத்துப் பையன்களிடம் ஒரு கணக்கு உண்டு: மாநில அளவில் ஒரு மெடல், அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, இல்லையென்றால் ராணுவம். என் மெடல் மாவட்டத்தோடு நின்றுவிட்டது. இப்போது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 36. பகலெல்லாம் எக்செல், சாயங்காலம் ஆறரைக்கு மேல் ராடு.

ஸ்னாட்ச் என்பது தரையில் கிடக்கும் ராடை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோய், அதன் கீழே உட்கார்ந்து, அப்படியே எழுந்திருப்பது. நடுவில் மூச்சு வாங்க இடம் கிடையாது. அன்றைக்கு 92இல் இரண்டு தடவை ராடு முன்னால் விழுந்திருந்தது. மூன்றாம் தடவை, முன்னால் விழக் கூடாது என்ற வீம்பில், கொஞ்சம் அதிகமாகவே பின்னால் இழுத்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டேன், ராடு தலைக்கு மேல் இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் பின்னால். அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ராடைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் தாவ வேண்டும். நான் விடவில்லை. வலது தோளுக்குள் பழைய வேட்டியைக் கிழிக்கிற மாதிரி ஒன்று நடந்தது. சத்தம் காதில் கேட்டதா, உள்ளேயே கேட்டதா என்று இன்றுவரை தெரியாது.

கேவலம் என்னவென்றால், எழுந்துவிட்டேன். 92 தலைக்கு மேல் நின்றது. "நல்ல லிஃப்ட்டுடா!" என்றார் மாஸ்டர்.

அடுத்த பத்து நாள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தைலம், உப்பு ஒத்தடம், "ரெண்டு நாள்ல சரியாயிடும்". பகலில் அவ்வளவு வலி இல்லை. ராத்திரிதான். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. இடது பக்கம் படுத்தால் வலது கை முன்னால் தொங்கி இழுக்கும். மல்லாக்கப் படுத்தால் கைக்குக் கீழே தலையணை வேண்டும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல், டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்பா புத்தூருக்குப் போகலாம் என்றார். எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் முதலில் வாயில் வரும் பெயர் புத்தூர்தான். பச்சிலை அரைத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் அந்தக் கட்டுக்காக ஆந்திர எல்லையைத் தாண்டிக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். அப்பாவின் மணிக்கட்டு ஒருமுறை அங்கேதான் சேர்ந்தது. "எலும்பு முறியலையேப்பா" என்றேன். "அதனால என்ன, ஒரு கட்டு போட்டுட்டு வந்துடலாம்" என்றார். என் கிழிசல் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில். அதைக் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் தோள் இறுகிப்போகும் என்று எனக்கே பிற்பாடுதான் தெரியும். அன்றைக்குப் போகாமல் விட்டதற்குக் காரணம் அறிவு இல்லை, மாதக் கணக்கு முடிக்கும் வாரம் அது, லீவு கிடைக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தேன். தோளின் மேல்பக்கத்துச் சின்னத் தசையான சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாணில் பகுதிக் கிழிசல் என்று எழுதியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மூன்று நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "இனிமே வெயிட் எல்லாம் தூக்காதீங்க. இந்த வயசுல எதுக்கு?" என்றார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அந்தப் பேப்பரைப் பரீட்சை ரிசல்ட் மாதிரி திரும்பத் திரும்பப் படித்தேன். 'கிழிசல்' என்ற சொல் செய்கிற வேலை இருக்கிறதே, அதைக் கிழிசல்கூடச் செய்யாது. அதுவரை டம்ளர் தூக்கிய கை, அன்று சாயங்காலத்திலிருந்து டம்ளர் தூக்கவும் பயந்தது.

ஒரு நண்பன் சொல்லி ஃபிசியோ ஒருவரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். ரிப்போர்ட்டை நீட்டினேன். "அதை அப்புறம் பார்க்கலாம் சார், முதல்ல சட்டையைக் கழட்டுங்க" என்றார். இரண்டு கையையும் முன்னால் கொஞ்சம் பக்கவாட்டாக நீட்டச் சொன்னார். டம்ளரில் இருக்கும் தண்ணீரைக் கீழே கொட்டுவதுபோல் கட்டைவிரல் தரையைப் பார்க்கத் திருப்பச் சொன்னார். மணிக்கட்டுக்கு மேல் இரண்டு விரல் வைத்து லேசாக அழுத்தினார். இடது கை அப்படியே நின்றது. வலது கை, இரும்புப் பிடித்துக் காய்த்துப்போன என் வலது கை, இரண்டு விரலுக்குத் தாங்காமல் தழைந்தது.

அவர் தோளை விளக்கியது இன்னும் மனதில் இருக்கிறது. இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் பந்து. தோள் அப்படி இல்லை, பாட்டில் மூடி மேல் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. அவ்வளவு ஆழம்தான். அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுற்றுகிறது, அதனால்தான் சுலபமாகக் கெட்டும் போகிறது. கூடாரக் கம்பத்துக்கு நாலு பக்கமும் கயிறு கட்டுவதுபோல் நாலு சின்னத் தசைகள் அந்தப் பழத்தை மூடி மேலேயே இழுத்துப் பிடித்திருக்கின்றன. மேல்பக்கத்துக் கயிற்றில்தான் என் கிழிசல். "கயிறு அறுந்துபோகல சார். நூல் பிரிஞ்சிருக்கு."

இன்னொன்றும் சொன்னார். கையைத் தொங்கும் நிலையிலிருந்து தலைக்கு நேர்மேலே கொண்டுபோவது 180 டிகிரி. அதில் 120தான் தோள் மூட்டின் பங்கு. மீதி 60 முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பு திரும்பிக் கொடுக்க வேண்டியது. எனக்கு அந்த எலும்பு திரும்பவே இல்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்து மேல்முதுகு பலகை மாதிரி ஆகியிருந்தது. அந்தக் குறையையெல்லாம் இவ்வளவு வருஷம் தோள் மூட்டுதான் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு இது உடனே புரிந்தது.

ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டேன். என் மாதிரிக் கிழிசலுக்கு முதலில் பயிற்சிதான் என்றார். அறுபது தாண்டியவர்களை ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் கிழிசல் தெரியும் என்றார். 2018இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றைப் பற்றியும் பேச்சு வந்தது. தோளில் தசைநாண் உரசி வலிப்பதாகச் சொன்னவர்களில் ஒரு கூட்டத்துக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு கூட்டத்துக்குத் துளை போட்டு, கருவியை விட்டுப் பார்த்து, ஒன்றும் செய்யாமல் மூடினார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு எதுவும் இல்லை. சீவியவர்களுக்கும் சும்மா மூடியவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எதுவும் செய்யாதவர்களைவிடக் கொஞ்சம் தேவலை என்றாலும் அது பெரிதாகச் சொல்லும்படி இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம். அந்த ஆய்வு உரசல் வலியைப் பற்றியது. விழுந்து தசைநாண் முழுசாக அறுந்து, கை திடீரென்று தூக்கவே வராமல் போவது வேறு கதை. அதற்கு சர்ஜனிடம் ஓட வேண்டும்.

பயிற்சி என்றால் என்னவோ என்று நினைத்தேன். மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைச் சும்மா தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். அவ்வளவுதான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனில் இருந்த காட்மன் என்ற சர்ஜன் பெயரில் வழங்கும் பயிற்சியாம். என் மகள் அதற்கு யானை எக்சர்சைஸ் என்று பெயர் வைத்தாள். யானை மண்டபத்தில் கட்டிப்போட்டிருக்கும்போது தும்பிக்கையை ஆட்டுமே, சாட்சாத் அதேதான். அப்புறம் கதவு நிலையில் புறங்கையை வைத்து, நிலையைத் தள்ளுவதுபோல் நாற்பது விநாடி அழுத்துவது. நிலையும் நகராது, கையும் நகராது. அந்த அழுத்தத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் வலி குறைவாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

மூன்றாம் வாரம் ரப்பர் பட்டை வந்தது. ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, துண்டு விழாமல் முன்கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மஞ்சள் பட்டை. எங்கள் உலகத்தில் மஞ்சள் பிளேட் என்றால் 15 கிலோ, நீலம் 20, சிவப்பு 25. பட்டை உலகத்தில் மஞ்சள் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பன்னிரண்டு தடவை இழுத்ததும் தோளின் பின்பக்கம் எரிந்தது. ஒரு மாதம் கழித்து மாஸ்டருக்கு ஃபோன் போட்டு, "சிவப்புக்கு வந்துட்டேன் மாஸ்டர்" என்றேன். அவர் பதறிப்போய், "இருபத்தஞ்சாடா? இன்னாடா அவசரம்?" என்றார்.

அவசரம் எனக்கு இல்லாமல் இல்லை. ஃபிசியோ சொன்ன விதி எளிது: பத்துக்கு மூன்று வரை வலித்தால் செய்யலாம், மறுநாள் காலை தோள் பழையபடி இருந்தால் சரி, இல்லையென்றால் முந்தின நாள் செய்தது அதிகம். வலியே இல்லாத ஒரு வாரம் வந்தது, ஒன்பதாம் வாரம். தண்ணீர் கேன் போடுகிற பையன் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். வழக்கம்போல் ஒரே வீச்சில் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்த்தேன். கவிழ்க்கும்போதே தெரிந்துவிட்டது. இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. ஃபிசியோ திட்டவில்லை. "கேன் எத்தனை லிட்டர் சார்?" என்றார். இருபது என்றேன். "அப்ப இருபது கிலோ. உங்க ராடு எவ்வளவு?" பிளேட் மாட்டாத ஆண்கள் ராடு சரியாக 20 கிலோ. பதில் சொல்லாமல் மறுபடியும் மஞ்சளை எடுத்தேன்.

இதற்கிடையில் கால்களுக்கு நல்ல காலம். கை கீழே தொங்குகிற இழுப்புகள் தோளை ஒன்றும் செய்யவில்லை. குந்துவதற்கு ராடை முதுகில் வைத்துப் பிடிக்கத்தான் முடியவில்லை. கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு முன்தோளில் வைத்துக் குந்தினேன். எண் குறைந்துபோனதில் மனசு கொஞ்சம் கோணியது. அப்போதெல்லாம் சதீஷின் இரண்டாவது தங்கத்தை நினைத்துக்கொள்வேன். தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்று தொடையில் அடிபட்டு, முழுசாகத் தேறாமலே 2018இல் கோல்ட் கோஸ்ட் போனார். அங்கே தூக்கியது 317. கிளாஸ்கோவைவிடப் பதினோரு கிலோ குறைவு. தங்கம் தங்கம்தான்.

தூக்கம் வராத ராத்திரிகளில் மீராபாய் சானுவின் வீடியோக்கள் பார்த்தேன். அவருக்கும் தோள்தான், அது ஸ்னாட்சில்தான் போய் இடித்தது. 2020இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி வரை போய், பளுதூக்கும் வீரராக இருந்து ஃபிசியோவான ஆரன் ஹார்ஷிக்கிடம் சிகிச்சை எடுத்தார். அடுத்த வருஷம் ஏப்ரலில் தாஷ்கண்டில் ஆசியப் போட்டி. ஸ்னாட்சில் 85, தவறியது. மறுபடியும் 85, தவறியது. மூன்றாவதற்கு எடையைக் குறைக்க விதி இடம் தராது. அவர் அதே 85இலும் நிற்காமல் 86 கேட்டார், தூக்கினார். அதே நாள், ராடைத் தோளில் வாங்கி நிறுத்தி அப்புறம் தலைக்கு மேல் தள்ளும் க்ளீன் அண்ட் ஜெர்க்கில் 119, உலக சாதனை. மூன்று மாதத்தில் டோக்கியோவில் 202 தூக்கி வெள்ளி. எல்லோரும் 119ஐப் பார்த்திருப்பார்கள். நான் அந்த இரண்டு 85களைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வராது என்று தெரிந்ததும் கை விடுகிறது. முகத்தில் எரிச்சல் உண்டு, கையில் சண்டை இல்லை. ஒரு ராத்திரி 2008 பெய்ஜிங்கில் 148 கிலோவில் முழங்கை பிசகிய ஹங்கேரி வீரர் பாரன்யாயின் வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு எங்கள் பழைய ஜிம் ஞாபகம் வந்தது. தகரக் கூரை. சிமெண்ட் தரை. பிளேட் எல்லாம் வார்ப்பிரும்பு. ரப்பர் பிளேட் ஒரு ஜோடி இருந்தது, அதுவும் வெடித்து, போட்டிக்குப் போகிற அண்ணன்களுக்கு மட்டும். தலைக்கு மேலிருந்து இரும்பைப் போட்டால் தரை பெயரும், பிளேட் விரியும். மாஸ்டர் அதையெல்லாம் தன் சம்பளத்தில் வாங்கிப் போட்டிருந்தார். பதினைந்து வயதில் ஒருநாள் 50 கிலோவைப் பின்னால் விட்டுவிட்டேன். தரையில் இட்லித் தட்டு அகலத்துக்கு ஒரு பள்ளம். அடிக்கவில்லை. "நாளைக்குக் கொத்துக்கரண்டி எடுத்துட்டு வா" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மணல் சலித்து, சிமெண்ட் குழைத்துப் பூசினேன். மற்ற பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அதற்கப்புறம் இருபது வருஷத்தில் தலைக்கு மேல் போன எடையை நான் பின்னால் விட்டதே இல்லை. எப்படியாவது பிடித்து நிறுத்துவேன், இல்லையென்றால் முன்னால் இறக்கிக்கொண்டு வருவேன். அதை என் திறமை என்றே நினைத்திருந்தேன். ஜிம் இடம் மாறியது, ரப்பர் பாய் வந்தது, எல்லோருக்கும் ரப்பர் பிளேட் வந்தது. என் கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் தோள் ராடுக்குத் தயார் என்று ஃபிசியோ சொன்ன அன்று மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்தப் பள்ளம் அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. அப்புறம் மூலையில் சாத்தியிருந்த பிளாஸ்டிக் பைப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "தலைக்கு மேல தூக்கு. உக்காரு. இப்ப பின்னாடி போடு. போட்டுட்டு முன்னாடி தாவு."

தூக்குவதற்கு வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவன், போடுவதற்குப் பயிற்சி எடுத்தேன். கை நீட்டினபடியே பின்னால் தள்ள வேண்டும். முழங்கையை மடக்கினால் முதுகில் விழும். விரல் திறப்பதும் கால் தாவுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பைப்பில் வந்தது. ராடில் பத்து கிலோ ரப்பர் பிளேட் இரண்டு மாட்டி 40 ஆக்கியதும் வரவில்லை. மூளை விடு என்கிறது, விரல் இறுக்கிக்கொள்கிறது. முதல் நாள் பத்துக்கு ஏழு தடவை பிடித்தபடியே எழுந்துவிட்டேன். பக்கத்து பிளாட்ஃபார்மில் ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பெண் 60 கிலோ ஸ்னாட்ச் செய்துகொண்டிருந்தாள். நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க தூக்க வர்றீங்களா, போட வர்றீங்களா?" என்றாள். மாஸ்டர் அவளைப் பார்த்து முறைத்தார். நான் போட வந்ததாகச் சொன்னேன்.

வாரத்தில் இரண்டு நாள், வார்ம் அப் முடிந்ததும் ஐந்து தடவை போடுவது. தோளுக்குப் பட்டை, மேல்முதுகுக்கு நுரை உருளை, அப்புறம் இது. ஏழாம் மாதம் ஸ்னாட்ச் 60. ஒன்பதில் 75. காலையில் எழுந்ததும் தோளை ஒருமுறை சுழற்றிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. குளிர்நாளில் உள்ளே ஏதோ 'டக்' என்னும். வலி இல்லாத சத்தத்துக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள் என்று ஃபிசியோ சொல்லியிருக்கிறார். கொடுக்கிறேன்தான், என்ன செய்வது.

பதினோராம் மாதம், ஒரு வியாழக்கிழமை. 85. இழுப்பு நன்றாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. உட்காரும்போதே ராடு பின்னால் போவது தெரிந்தது, 92இல் போன அதே இடத்துக்கு. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, நான் பிளாட்ஃபார்மின் முன்விளிம்பில் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தேன். கை காலியாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் ரப்பர் இரண்டு தடவை குதித்து, உருண்டு, சுவரில் போய் முட்டி நின்றது. ஜிம்மில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தோளைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மாஸ்டர் நோட்டில் பெருக்கல் குறி ஒன்று போட்டார். தலை நிமிரவில்லை.

"தரை உடையலடா. அடுத்தது எடு."